கறுப்பியின் இரத்தமும் ஐதராபாத் நாய்களும்

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எங்களுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கறுப்பிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்க வேண்டும். கறுப்பி எந்த வீட்டு நாயும் இல்லை. கிளிநொச்சியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசலில் படுத்திருக்கும். பேப்பர் பார்க்க வருகிற ஐயாமார் விசுக்கோத்துப் போடுவார்கள். நாங்கள் ஊரில் நிற்கிற நாட்களில் மூன்று பேருமாய்ச் சோறு வைப்போம். இரண்டு தரம் குட்டி போட்டுவிட்டது. மொத்தம் பதினொரு குட்டிகள். இன்றைக்கு மிச்சம் இரண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை வீதியில் அடிபட்டுத்தான் போயின.

ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனோம். மிருக வைத்தியர் கறுப்பியின் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். காதை மடித்து உண்ணி பார்த்தார். "முரசு வெளிறிக் கிடக்கு. இண்டைக்கு ஒப்பரேசன் வேண்டாம். முதல்ல இரத்தம் பாப்பம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். காசும் கணக்குப் பார்த்துச் சேர்த்த காசு. விடுமுறையும் முடியப்போகிறது. வீட்டுக்கு வந்து சொன்னபோது எங்களில் ஒருவரின் அம்மம்மா அடுப்படியில் இருந்தபடியே ஒரு கேள்வி கேட்டா:

"மனுசருக்கே மயக்க மருந்து இல்லாமல் காலை வெட்டின மண் இது. நாய்க்கு இரத்தம் பாக்கினமோ?"

நாங்கள் வரலாறு படிக்கிற கலைப்பீட மாணவர்கள். வைத்தியம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அம்மம்மா கேட்டது ஒரு வரலாற்றுக் கேள்வி. அதைச் சும்மா சிரித்துக் கடந்துபோக முடியவில்லை.

2009 இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களும் கொட்டில்களும் வைத்தியசாலைகளாக இருந்தன. மயக்க மருந்தும் இரத்தமும் முடிந்துபோன நாட்களைப் பற்றி, அங்கே இருந்தவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். மருந்துப் பொருட்கள், குறிப்பாகச் சத்திரசிகிச்சைக்கு வேண்டியவை, மக்களுக்குக் கிடைக்காமல் செய்யப்பட்டன என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் தன் அறிக்கையில் எழுதியது. எங்களுக்கு அப்போது ஐந்து, ஆறு வயது. அம்மம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆகவே 'மயக்க மருந்து' என்ற சொல் வன்னியில் வெறும் மருந்தின் பெயர் இல்லை. அதைக் கேட்டவுடன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கும் சேர்ந்தே வருகிறது.

அந்தக் கணக்கைப் பின்னுக்குத் தேடிப் போனோம். போன வழியெல்லாம் நாய்கள் நின்றன.

குளோரோபோமும் தெருநாய்களும்

1846 ஒக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியசாலை ஒன்றில் வில்லியம் மோட்டன் என்ற பல்வைத்தியர் ஈதரை முகரச் செய்து ஒருவரை மயக்கினார். சத்திரசிகிச்சையாளர் அவரது கழுத்துக் கட்டியில் சத்திரசிகிச்சை செய்தார். மருத்துவ வரலாற்றில் பெருநாளாகக் கொண்டாடப்படுகிற நாள் அது. அதற்கு முன்னர் மோட்டன் ஈதரைப் பரீட்சித்துப் பார்த்த உயிர்களில் நாயும் ஒன்று. அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமைக் கொண்டுவந்தார். ஈதரை விட மணமானது, வேகமானது. உலகமெல்லாம் பரவியது.

மூன்று மாதங்களுக்குள் முதல் மரணம். 1848 ஜனவரி 28 அன்று வட இங்கிலாந்தில் ஹன்னா கிறீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களுக்குள் இறந்துபோனாள். சத்திரசிகிச்சைக்குப் பயந்து அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று பதிவுகள் சொல்கின்றன. இந்த அழுகையை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே சண்டை. குளோரோபோம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா? மூச்சைத்தான் என்றால், மூச்சைக் கவனித்தால் போதும். இதயத்தை என்றால், எவ்வளவு கவனித்தாலும் ஆபத்துத்தான்.

இந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல முயன்ற இடம் எங்களுக்குத் தூரமில்லை. ஐதராபாத். அங்கே நிஜாமின் அரசில் பணியாற்றிய எட்வேர்ட் லோறி என்ற ஆங்கிலேய வைத்தியர், மூச்சுக் கட்சிக்காரர். 1888 இல் ஐதராபாத் குளோரோபோம் ஆணைக்குழுவை அமைத்து, நூற்றுக்கும் மேற்பட்ட தெருநாய்களைக் குளோரோபோமால் கொன்று பார்த்தார். எல்லாவற்றிலும் மூச்சுத்தான் முதலில் நின்றது என்று அறிவித்தார். லண்டனின் லான்செற் சஞ்சிகை நம்பவில்லை. உடனே நிஜாம் ஆயிரம் பவுண் கொடுத்து, உங்கள் ஆளை அனுப்பிப் பாருங்கள் என்றார். 1889 இல் லோடர் பிரண்டன் கப்பலில் வந்து இறங்கினார். இரண்டாவது ஆணைக்குழுவில் நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என்று ஏறத்தாழ 490 விலங்குகள் பயன்படுத்தப்பட்டன. தீர்ப்பு மாறவில்லை: இதயத்துக்கு நேரடி ஆபத்து இல்லை, மூச்சைப் பாருங்கள், போதும்.

ஆங்கில அறிக்கைகளில் அந்த நாய்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்ச் சாதிப்பெயர் ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், 'ஒதுக்கப்பட்டவர்' என்று பொருள் பெற்று, பிறகு தெருநாய்க்கும் ஒட்டப்பட்ட பெயர். அதை இங்கே எழுத எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் யாரைத் தொடாமல் ஒதுக்கினார்களோ அவர்களின் பெயரையே, கேட்பாரின்றிக் கொல்லக்கூடிய உயிருக்கும் வைத்தார்கள் என்பதைக் கவனிக்காமல் விடவும் முடியாது.

பயந்த பூனை

ஐதராபாத் தீர்ப்புப் பிழை. அதைக் காட்டியவர் கூட்மன் லெவி என்ற ஆங்கிலேயர். 1911 இல் பூனைகளில் செய்த ஆய்வுகளில், குளோரோபோம் மிக அதிகமாகும்போது மட்டுமல்ல, குறைவாக இருக்கும்போதும் இதயம் திடீரென ஒழுங்கிழந்து துடிதுடித்து நின்றுவிடக்கூடும் என்று கண்டார். அரை மயக்கத்தில் அட்ரினலின் உடலில் பாயும்போது இது நடக்கும். அட்ரினலின் என்பது பயத்தின்போது உடல் தானாகச் சுரப்பது. லோறி தன் நாய்களுக்கு ஆழமான மயக்கம் கொடுத்தார். அதனால் அரை மயக்கத்தில் பதுங்கியிருந்த ஆபத்து அவர் கண்ணில் படவே இல்லை.

இப்போது ஹன்னாவின் அழுகையை நினைத்துப் பாருங்கள். அவள் எதனால் இறந்தாள் என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் லெவிக்குப் பிறகு கேள்வியே மாறிவிட்டது. அதுவரை 'இந்த மருந்து என்ன செய்யும்?' என்றுதான் கேட்டார்கள். பிறகு 'இந்த மருந்து இந்த உடலில், இந்த நிலையில், என்ன செய்யும்?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

1941 இல் அமெரிக்க மயக்கவியல் வைத்தியர்கள் அந்தக் கேள்விக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்கள். மயக்க முன்னர் நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரித்து எழுதுவது. நலமான உடல், சிறு நோயுள்ள உடல், கடும் நோயுள்ள உடல் என்று போகும். திருத்தங்களோடு இன்றும் அது பாவனையில் இருக்கிறது. மிருக வைத்தியர்களும் அதையேதான் பாவிக்கிறார்கள். எங்கள் வைத்தியர் கறுப்பியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது செய்தது அந்த வேலையைத்தான்.

எந்த நாயின் இரத்தம்?

ஐதராபாத்தில் தெருநாய்கள் செத்து இருபது வருடங்களுக்குப் பிறகு, சென்னையில் வேறு சில நாய்களின் இரத்தம் நுணுக்குக்காட்டிக்குக் கீழே போனது. அவை வெள்ளைக்கார அதிகாரிகள் நரி வேட்டைக்கு வளர்த்த வேட்டைநாய்கள். 1910 இல் பற்றன் என்ற ஆய்வாளர் அவற்றின் சிவப்பணுக்களுக்குள் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு விவரித்தார். பிறகு அதே ஒட்டுண்ணியை நரிகளின் இரத்தத்திலும் கண்டார். இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. உண்ணியால் பரவும். சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். இலங்கை நாய்களிடமும் பரவலாக இருக்கிறது.

ஒரே காலனிய ஆட்சி. ஒரு வகை நாய்க்குக் குளோரோபோம், இன்னொரு வகைக்கு நுணுக்குக்காட்டி. யாருடைய நாய் என்பதே அதை முடிவு செய்தது.

1935 இல் அல்ஜீரியாவில் உண்ணி பரப்பும் இன்னொரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஏர்லிக்கியா. இது வெள்ளணுக்களுக்குள் இருந்துகொண்டு, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும். முப்பது வருடங்களுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவத்தின் நூற்றுக்கணக்கான நாய்கள் மூக்கால் இரத்தம் வடிந்து செத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அங்கேயும் அதே கதை. இராணுவத்தின் நாய் என்றபடியால் ஆராய்ச்சி நடந்தது.

இந்த இரண்டு நோய்க்கும் ஒரு தந்திரம் உண்டு. முதல் காய்ச்சல் தணிந்தபின் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், நாய் சுகமாக இருப்பதுபோலவே தெரியும். சாப்பிடும், வாலாட்டும், ஓட்டோவுக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு ஓடும். கத்தி வைத்த பிறகுதான் இரத்தம் நிற்காது.

ஒரு துளி என்ன சொல்லும்

மயக்க மருந்து உடலுக்குள் போனால் அதை உடைப்பது பெரும்பாலும் ஈரல், வெளியேற்றுவது சிறுநீரகம். ஒட்சிசனைக் காவுவது சிவப்பணு. மயக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு மெதுவாகும். நல்ல உடல் இதையெல்லாம் தாங்கும். ஏற்கெனவே இரத்தம் குறைந்த, சிறுநீரகம் பழுதான உடலுக்குத் தாங்குவதற்கு மிச்சம் இருக்காது. ஆகவே மயக்க முன்னர் பார்க்கிற இரத்தத்தில் முக்கியமானவை இவைதான்: சிவப்பணுக்களின் அளவு, தட்டணுக்கள், புரதம், குளுக்கோஸ், ஈரல் நொதிகள், யூரியா, கிரியேட்டினின்.

கடைசிச் சொல்லை வவுனியாப் பக்கத்து வாசகர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய ஊர்களில், பள்ளிக்கூடம் போகாத அப்புமாருக்கும் தங்கள் கிரியேட்டினின் இலக்கம் தெரியும். நாய்க்கும் அதே இலக்கம்தான், அதே குறைபாடும் உண்டு. சிறுநீரகத்தின் முக்கால் பங்கு பழுதாகும்வரை கிரியேட்டினின் பெரிதாக ஏறாது. இலக்கம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை.

எல்லாவற்றுக்கும் பெரிய இயந்திரம் வேண்டும் என்றும் இல்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து, சில நிமிடம் வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். நலமான நாய்க்கு அது குழாயில் ஏறத்தாழ 37 முதல் 55 வீதம். இன்னொரு துளியைக் கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டால், 1910 இல் பற்றன் பார்த்ததை இன்றும் பார்க்கலாம்.

எல்லா நாய்க்கும் வேண்டுமா?

இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை 98,036 நாய்களையும் 79,178 பூனைகளையும் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மயக்கத்தோடு தொடர்பான மரணம் நலமான நாய்களில் 0.05 வீதம், அதாவது ஏறத்தாழ 1,850 இல் ஒன்று. நோயுள்ள நாய்களில் 1.33 வீதம், 75 இல் ஒன்று. நலமான பூனைகளில் 0.11 வீதம், நோயுள்ளவற்றில் 1.40 வீதம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எந்தக் கூட்டத்தில் நம்முடைய நாய் நிற்கிறது என்று முதலே அறிவதுதான் முழு விசயமும்.

ஆனால் அதை அறிய எப்போதும் இரத்தம்தான் எடுக்க வேண்டுமா? ஜெர்மனிய ஆய்வாளர்கள் 1,537 நாய்களைப் பரிசோதித்து 2008 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோய் வரலாற்றைக் கேட்டு, உடம்பைத் தொட்டுப் பார்த்த பிறகு, இரத்தப் பரிசோதனையால் மயக்க முறையையே மாற்ற வேண்டி வந்தது 0.2 வீதத்தில் மட்டும்தான். கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும் முதலில் வர வேண்டும், சந்தேகம் வருகிற இடத்தில் இரத்தம் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

ஜெர்மனி வேறு, வன்னி வேறு. இங்கே காட்டோரம் வீடு, பற்றைக்குள் திரிகிற நாய், வருடம் முழுக்க உண்ணி. சந்தேகம் வருவதற்கு இங்கே காரணங்கள் கூட. அதேநேரம் ஒரே நாளில் பல நாய்களுக்குச் செய்கிற கருத்தடை முகாமில் ஒவ்வொன்றுக்கும் முழுப் பரிசோதனை என்றால் முகாமே நடக்காது. 2006 வரை இந்த நாட்டில் விசர்நோயைக் கட்டுப்படுத்துவது என்றால் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதும் அதில் அடக்கம். அந்த ஆண்டுக்குப் பிறகுதான் கொல்வதை விட்டுத் தடுப்பூசி, கருத்தடை என்ற வழிக்கு அரசு வந்தது. முகாம்கள் நின்றால் நாங்கள் திரும்பிப் போகிற இடம் அதுதான். வயதில் குறைந்த, முரசு சிவந்த, உண்ணி இல்லாத நாய் என்றால் வைத்தியரின் கையும் கண்ணும் அநேகமாய்ப் போதும். வயது போனது, மெலிந்தது, உண்ணி நிறைந்தது, அடிக்கடி தண்ணி குடிப்பது என்றால், ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, இரத்தம் பாருங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். நாய் பேசாது. கடைசியாய் எப்போது காய்ச்சல் வந்தது, என்ன மருந்து கொடுத்தது, மூக்கால் இரத்தம் வந்ததா, விளையாடினால் முந்தியை விடக் கெதியாய்க் களைக்கிறதா என்று சோறு வைக்கிற ஆளுக்குத்தான் தெரியும். கறுப்பிக்கு வைகாசியில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதை நாங்கள் வைத்தியரிடம் சொல்லவில்லை, அவர் கேட்டபிறகுதான் ஞாபகம் வந்தது.

அம்மம்மா

கறுப்பியின் முடிவு வந்தது. சிவப்பணு குறைவு, தட்டணு மிகக் குறைவு. அன்றைக்கே வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வைத்தியர் விரித்துச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு நான்கு கிழமைக் குளிசை. விடுமுறை முடிந்து நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டோம். குளிசையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மம்மாதான்.

ஒரு சனிக்கிழமை வந்து திரும்ப இரத்தம் பார்த்து, இலக்கங்கள் ஏறியபிறகு சத்திரசிகிச்சை முடிந்தது. மயக்கத்தால் சாகிற நாய்களில் ஏறத்தாழப் பாதி சாவது சத்திரசிகிச்சை முடிந்த பிறகு, அதிலும் பெரும்பாலும் முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் என்று அந்தப் பிரித்தானிய ஆய்வு சொல்கிறது. வீட்டுக்கு வந்ததும் இதை அம்மம்மாவுக்குச் சொன்னோம். அவ ஒரு சாக்கை விரித்துக் கறுப்பியைக் கிடத்தி, பக்கத்தில் கால் நீட்டி இருந்துகொண்டு, விலாவில் கையை வைத்தபடி மூச்சு எண்ணினா.

அப்போதுதான் அந்தக் கேள்வியைத் திரும்பவும் எடுத்தோம். ஐதராபாத் கதையையும் சொன்னோம். மனிதரைக் காப்பாற்றிய மயக்க மருந்து அறிவில் நாயின் சாவும் பூனையின் சாவும் இருக்கிறது, அந்தக் கடனில் ஒரு துளிதான் கறுப்பிக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று நாங்கள் படித்ததைப் பெரிய நியாயமாக எடுத்துச் சொன்னோம்.

அவ கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் நாய்க்குக் குடுத்தது பிழை எண்டு சொல்லேல்ல பிள்ளையள். எங்கட பிள்ளையளுக்குக் குடுக்கேல்லையே எண்டுதான் சொன்னனான்" என்றா.

நாங்கள் அதுவரை அந்தக் கேள்வியைப் பிழையாகவே விளங்கியிருந்தோம். அவ கறுப்பியோடு ஒருநாளும் கணக்குப் பார்க்கவில்லை. 2008 இல் இடம்பெயர்ந்தபோது மாட்டையும் நாயையும் அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்த ஆள் அவ. ஓர் உடலை மயக்க முன்னர் அதன் நிலை என்னவென்று பார்க்க வேண்டும் என்பது இன்று எங்கள் ஊர்த் தெருநாய் வரைக்கும் வந்துவிட்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கு இருந்த உலகத்தில்தான் மாத்தளன் கொட்டிலில் மயக்க மருந்தே இல்லாமல் மனிதரை வெட்டித் தைத்தார்கள். பின்னது ஏன் நடந்தது என்ற கேள்வியைத்தான் அவ அடுப்படியிலிருந்து கேட்டா. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை.

மூன்று மணித்தியாலம் கழிய, கறுப்பி தலையைத் தூக்கிப் பார்த்தது. தண்ணீர் வைக்கலாமா என்று அம்மம்மா கேட்டா. கொஞ்சமாய் வைக்கலாம் என்றோம்.